மாளிகை மேட்டில் நான் மெழுகிய தரை

நான் வேலை பார்த்த தொல்லியல் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, பழைய ஆட்களில் யாராவது வந்து பேச வேண்டும் என்று வெண்ணிலா மேடம் வீட்டுக்கே வந்து கேட்டார். என் மகளைவிட வயதில் சின்னவர். காபி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், பேச மட்டும் மாட்டேன் என்றேன். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்ப்பதே எனக்கு ஆகாது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்பிட்டால், பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிற ஆள் நான். "அப்ப எழுதியாவது கொடுங்கம்மா, நான் வாசிச்சிடுறேன்" என்றார். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் மேடம் திருத்திக்கொள்ளட்டும்.

செய்த சாதனை எதையாவது எழுதச் சொன்னார். அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான பானை ஓடுகளைக் கழுவிக் காயவைத்தேன் என்பது சாதனையா? ஆனால் ஒரு தப்பு செய்தேன். அது மட்டும் காலை வெயில் உட்பட அப்படியே நினைவில் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கு மேற்கே, கண்மாய்க் கரையில். கண்மாய்க்குத் தெற்கே ஒரு மேடு இருந்தது. பேர் மாளிகை மேடு. எந்தக் காலத்திலோ ஒரு பெரிய தலைவர் அங்கே வீடு கட்டி வாழ்ந்தார் என்பார்கள். அவர் பேர் என்ன என்றால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். ஆடு மேயும், மாடு மேயும், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டின் செங்கல் மட்டும் ஊர் முழுக்க இருந்தது. முழங்கை நீளத்துக்குப் பெரிய செங்கல். துவைக்கிற இடத்தில் நாலு, மாட்டுத் தொட்டிக்கு அடியில் ஆறு என்று வீட்டுக்கு வீடு கிடந்தது. தலைமுறை தலைமுறையாகப் போய்ப் பிடுங்கி வந்ததுதான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், அறுப்பு முடிந்திருந்த நேரம், அரசாங்கத்திலிருந்து அந்த மேட்டைத் தோண்ட வந்தார்கள். கண்மாயில் வண்டல் எடுக்கிற மாதிரி வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்புவது என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் திருமங்கலத்தில் அரிசி மில் வேலைக்குப் போயிருந்தார். அதனால் எங்கள் வீட்டு ஆள் நான்.

தோண்டும் வேலைக்குப் பொறுப்பாக வந்தவர் சுப்புராமன் சார். சிம்மக்கல்லில் வீடு. விடியக்காலம் பஸ் ஏறி வாடிப்பட்டியில் இறங்கி, அங்கே ஒரு கடையில் போட்டு வைத்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுகிறவர். கோபம் வந்தால் எங்களைத் திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அந்தப் பாஷையில் தனக்குத்தானே பேசுவார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. திட்டு வாங்கின வருத்தமும் இருக்காது. "இன்னைக்கு சார் ரெண்டு நிமிசம் பேசுனாருடி, ஏதோ பெரிய தப்புதான்" என்று நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வோம்.

வேலை கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. ஆணி அடித்துக் கயிறு கட்டி, சதுரம் சதுரமாகக் குழி. குழிக்கும் குழிக்கும் நடுவே மண்சுவர் விடுவார்கள். அதை நாங்கள் வரப்பு என்றோம். அதன் விளிம்பில் உட்காரக் கூடாது. மண்வெட்டி மேலே மட்டும்தான். கீழே போகப் போகக் கொத்தனார் கரண்டியால் சீவ வேண்டும், தோண்டக் கூடாது. சீவின மண் கூடைக்கு, கூடை சல்லடைக்கு. சல்லடையில் நின்ற ஓடு என் கைக்கு வரும். வாளித் தண்ணீரில் நனைத்து, நார் போட்டுத் தேய்க்காமல் விரலால் கழுவி, சாக்கில் பரப்பி, எந்தக் குழி, எந்த ஆழம் என்று எழுதின அட்டையைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஒரு சாக்கு ஓடு இன்னொரு சாக்கில் கலந்தால் அன்றைக்கு சார் நாலு நிமிஷம் பேசுவார்.

சாயங்காலம் எல்லாரும் கை கால் கழுவின பிறகு, அன்றைய நோட்டை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். எங்கே என்ன கிடைத்தது, யார் எடுத்தது, எல்லாம் பேரோடு இருக்கும். பக்கத்தின் இடது பாதியில் கண்ணால் பார்த்தது. வலது பாதியில் சார் நினைத்தது. இரண்டையும் சேர்த்து எழுதவே மாட்டார். "நான் நினைக்கிறது நாளைக்கே மாறும்மா. பார்த்தது மாறக் கூடாது" என்பார்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. வெட்கப்படாமல் சொல்கிறேன், வயல் வேலையில் பாட்டும் பேச்சும் கேலியுமாக இருக்கும், எனக்கு அது தோதுப்படாது. இங்கே எல்லாரும் மண்ணைப் பார்த்துக் குனிந்தே இருந்தோம். என் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வேலை தொடர்ந்தால் ஓடு கழுவுகிறவர்களில் இரண்டு பேரை வேறு ஊர்களுக்கும் கூட்டிப்போவேன் என்று சார் சொல்லியிருந்தார். அதில் ஒன்று நானாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஆசை.

என் பக்கத்துச் சாக்கில் ஓடு கழுவினவள் பேச்சியம்மாள். எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். வீடு வீடாகப் போய்ப் பழைய செங்கலை சார் டேப்பு வைத்து அளந்தபோது, பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று ஊரே பயந்து ஒளித்தது. பேச்சி இரண்டு செங்கலை அடுக்கி, மேலே சேலையைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்ல செங்கலே கெடையாது சார்" என்றாள். சார் அவளையும் செங்கலையும் பார்த்தார். "எந்திரிக்க வேண்டாம்மா. நீளம் மட்டும் சொல்லுங்க" என்று டேப்பை நீட்டினார்.

மூன்றாவது வாரம் கறுப்புச் சாம்பல் வந்தது. எரிந்த உத்தரக் கட்டை, நொறுங்கின கூரை ஓடு. அதற்குக் கீழே மண் தரை, தீயில் வெந்து செங்கல் நிறத்தில், இரண்டு வண்டி நிறுத்துகிற அளவுக்கு ஒரே அறை. வீடு தீப்பிடித்து விழுந்திருக்கிறது என்றார் சார். சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் பக்கடா வாங்கித் தந்தார்.

சந்தோஷம் நாலு நாள்தான். தரை இருந்தது, சுவர் இல்லை. நாலு பக்கமும் எங்கள் முன்னோர் செங்கல் பிடுங்கின பள்ளம்தான் இருந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி கடிதம் எழுதினார். சார் அதையும் ஒளிக்காமல் வாசித்துக் காட்டினார். நீங்கள் கண்டது வீடா, நெல் அடிக்கிற களமா? வாசல் இல்லாததை மாளிகை என்று எழுத முடியாது. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன், வாசலைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் குழியை மூடிவிடலாம்.

மேஸ்திரி கருப்பையா அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "களத்துக்கு எதுக்கு சார் கூரை? மெட்ராஸ்ல நெல்லுக்குக் குடை பிடிப்பாகளோ?"

"நியாயந்தான் மேஸ்திரி. ஆனா வாசல் வேணும்" என்றார் சார். கிழக்கே பார்த்துத்தான் இருக்கும் என்று கிழக்குப் பக்கம் முழுவதும் சீவிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வியாழன் சாயங்காலம் வரைக்கும் இல்லை. சார் நோட்டை வாசிக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, காலையில் வந்து தரையில் இருக்கிற தூசியைத் தட்டி வையுங்கள் என்று எனக்கும் பேச்சிக்கும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும்தான் முதலில் போனோம். தென்னை நார் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினோம். தட்டியும் தரை திட்டுத்திட்டாக, வெடிப்பு வெடிப்பாகத்தான் கிடந்தது.

"ஏத்தா தவமணி, மெட்ராஸ்ல இருந்து எம்புட்டுப் பெரிய ஆளு வாராக. வெள்ளிக்கெழம வேற. வீடுன்னு காட்டப்போறோம், இப்படியா போட்டு வைக்கிறது?" என்றாள் பேச்சி.

எனக்கும் கை துறுதுறு என்றுதான் இருந்தது. வீடு என்றால் வெள்ளிக்கிழமை மெழுக வேண்டும், விருந்தாள் வந்தால் மெழுக வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கிறது. மேட்டோரம் மாடு போன வழியில் சாணி கிடந்தது. வாளியில் தண்ணீர் இருந்தது. பேச்சி கரைத்துக் கொடுத்தாள், நான் உட்கார்ந்து மெழுக ஆரம்பித்தேன். இடது கையைத் தரையில் ஊன்றி, வலது கையால் அரைவட்டமாக இழுத்து, ஒரு எட்டுப் பின்னால் போய், மறுபடி அரைவட்டம்.

நாலைந்து இழுப்பு இழுத்ததும் உள்ளங்கைக்கு என்னவோ போல் இருந்தது. தரை சமமாக இல்லை. மேலே பார்த்தால் தெரியாது, கைக்கு மட்டும் தெரிந்தது. நெளிநெளியாக வரி. என் கை ஒரு பக்கம் போனால் வரி வேறு பக்கம் இழுத்தது. இது என்ன என்று யோசித்துக்கொண்டே பாதி அறையை முடித்துவிட்டேன். அப்போது சைக்கிள் மணி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பேச்சியைக் காணோம், வாளி மட்டும் நின்றது.

சார் வரப்பில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பேசினார். எத்தனை நிமிஷம் என்று எண்ணவில்லை. பேச்சு முடிந்ததும் தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஏம்மா?"

"விருந்தாள் வாராகன்னு..." என்றேன்.

அதற்குள் மேஸ்திரியும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். "சார், ஒண்ணும் பதறாதீக. அவுக வர பத்து மணி ஆகும். ரெண்டு பேரு கரண்டியப் போட்டுச் சுரண்டிட்டா அடையாளமே தெரியாது. நாமளா சொன்னாத்தான் உண்டு" என்றார் மேஸ்திரி. சொல்லிக்கொண்டே கரண்டியோடு இறங்கிவிட்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மெழுகின இடம் காய ஆரம்பித்திருந்தது. மேடான இடம் முதலில் காய்ந்து வெளுத்தது. பள்ளமான இடம் ஈரமாகவே, கரும்பச்சையாக நின்றது. என் கையை இழுத்த வரிகளெல்லாம் இப்போது கண்ணுக்கே தெரிந்தன. நாலு விரல், நாலு கோடு. அரைவட்டம், அதற்குப் பின்னால் அரைவட்டம், அதற்கும் பின்னால்.

என் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு மேஸ்திரியை நான் தடுத்ததில்லை. "அண்ணே, சுரண்டாதீக" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "சார், கீழ ஒருத்தி மெழுகியிருக்கா."

சார் குழிக்குள் இறங்கிக் குந்தினார். பார்த்தார். கன்னத்தைத் தரையோடு வைத்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தார். "இது தரை போட்டப்ப இழுத்த விரல் அடையாளமா?"

"ஆமா சார். மெழுகுனது ஈரங்காயறதுக்குள்ள தீப்பிடிச்சுச்சோ என்னமோ, அப்படியே வெந்துபோச்சு."

"அது வலது பக்கத்துல எழுத வேண்டியது" என்றார். ஆனால் முகம் மாறியிருந்தது. "வேற என்ன தெரியுது?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "மெழுகுறவ முதுகுப் பக்கமாத்தான் சார் போவா. போயிப் போயி வாசல்ல முடிப்பா. இல்லன்னா மெழுகுனத மிதிச்சுட்டுல்ல வெளிய வரணும். வளைவோட வாய் எந்தப் பக்கம் தொறந்திருக்கோ அந்தப் பக்கந்தான் ஆளு உக்காந்திருக்கா."

எல்லா வளைவுக்கும் வாய் வடக்குப் பக்கம், கண்மாயைப் பார்த்துத் திறந்திருந்தது. அறை அகலத்துக்கு ஆரம்பித்து, போகப் போகக் குறுகி, வடக்கே ஒரு இடத்தில் இரண்டு முழ அகலத்தில் போய் முடிந்தது. மெழுகின பாதியில் பளிச்சென்று தெரிந்தது. மெழுகாத பாதியில் சார் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தூசியைக் கிளறினார். அங்கேயும் இருந்தது.

"மேஸ்திரி, வடக்கே அந்த இடத்துல ரெண்டு கரண்டி போடுங்க" என்றார் சார். பிறகு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இடது பக்கத்துல எழுதும்மா. நீ செஞ்சத நீயே எழுது."

இன்று காலை ஏழு மணிக்கு நான் தரையில் பாதியைச் சாணி போட்டு மெழுகிவிட்டேன் என்று எழுதி, "தெரியாமன்னு போடணுமா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாமலா மெழுகின?"

"இல்ல சார். தெரிஞ்சுதான்."

"அப்ப வேண்டாம். பேர் எழுது."

தவமணி என்று எழுதினேன். இதில் பேச்சி எதற்கு என்று அவள் பேரை விட்டுவிட்டேன். அதற்கு அவள் ஒரு வருஷம் சண்டை போட்டாள். "சாணி கரைச்சது நானுல்ல? எம் பேரு மட்டும் சர்க்கார் நோட்டுல வரக்கூடாதாக்கும்?" என்பாள். நீதான் ஓடிப்போய்விட்டாயே என்றால், "ஓடலத்தா, துணி காயப்போட்டது ஞாபகம் வந்துச்சு" என்பாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அப்போதுதான் மேஸ்திரியின் கரண்டி ஒரு கல்லில் பட்டிருந்தது. பெரிய அதிகாரி உயரமான மனிதர். தொப்பி, கைத்தடி. சார் கல்லைக் காட்டவில்லை, முதலில் நோட்டைத்தான் கொடுத்தார். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சல்லடைக்குப் பின்னால் போய் நின்றேன். எங்கள் மேடு மூடப்போகிறது, என்னால்தான் மூடப்போகிறது என்றே நினைத்தேன்.

அதிகாரி வாசித்தார். தரையைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். "சுப்புராமன், சாணி கலந்துட்டதால இந்தப் பாதியில இருக்கற கரி, தானியம், மண்ணு, எதையும் இனிமே பரிசோதனைக்கு அனுப்ப முடியாது. தெரியுமா?"

"தெரியும் சார். அதான் எழுதி வெச்சிருக்கோம்."

"யார் அந்தத் தவமணி?"

பேச்சி, எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தவள், என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளிவிட்டாள்.

எப்படி மெழுகுவார்கள் என்று காட்டச் சொன்னார். பேசச் சொல்லாமல் செய்யச் சொன்னதால் பிழைத்தேன். தரையைத் தொடாமல், ஓரத்து வெறும் மண்ணில் குந்தி, வெறுங்கையை அரைவட்டமாக வீசிக்கொண்டு, அந்த வளைவுகளுக்கு நேராகப் பின்னாலேயே போனேன். தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் வரப்பு மேல் கூடவே நடந்து வந்தார். பத்துப் பன்னிரண்டு வீச்சு போனதும் என் குதிகாலில் கல் இடித்தது. மேஸ்திரி சீவிக்கொண்டிருந்த கல். நடுவில் கிண்ணம் மாதிரி வழவழப்பாகத் தேய்ந்த குழி. கதவின் குடுமி நின்று சுற்றுகிற குழி.

அதிகாரி அந்தக் குழிக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "களத்துக்குக் கதவு போட மாட்டாங்க" என்றார். குழியை மூட வேண்டாம், மழை வரும் வரை தோண்டுங்கள் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி விசில் அடித்தார். அதிகாரி முன்னால் விசில் அடித்ததற்கு சார் அரை நிமிஷம் பேசினார்.

வெண்ணிலா மேடம், இதை வாசிக்கும்போது பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். நான் செய்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். பிரஷ்ஷால் பொறுமையாகத் தட்டியிருந்தாலே அந்த வரிகள் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் கடைசி நாள் என்ன தானியம் சிந்திக் கிடந்தது என்பது பாதி அறைக்குத் தெரியாமலே போனது. அதற்குப் பிறகு சாருடனும், சார் ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்களுடனும் எத்தனையோ ஊர்களுக்குப் போனேன், வேலை நிரந்தரமாகி ஓய்வும் பெற்றேன். எந்தத் தரையைப் பார்த்தாலும் முதலில் என் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

அன்றைக்கு மத்தியானம் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். அதிகாரி கிளம்புகிற நேரம், கல்லுக்கு ஒட்டின தரையில் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்த சார் எல்லாரையும் கூப்பிட்டார். மெழுகுகிறவள் வாசலில் கடைசி இழுப்பு இழுக்கும்போது ஊன்றின கை அங்கே அப்படியே பதிந்து வெந்திருந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. சின்னக் கை. போட்டோ எடுக்க வேண்டும், அளவுக் குச்சி ஜீப்பில் இருந்தது. "குச்சி வரட்டும். அதுக்கு முன்னால தவமணி, நீ பக்கத்துல உன் கைய வெச்சுக் காட்டும்மா" என்றார் சார்.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி, பேச்சி, ஊர்க்காரர்கள், தொப்பி போட்ட அதிகாரி. நான் குந்தி, மெழுகும்போது ஊன்றுகிற இடது கையை அதன் பக்கத்தில் வைத்தேன். அளவு சரிதான். ஆனால் என் கட்டைவிரல் ஒரு பக்கம் இருந்தது, அவள் கட்டைவிரல் மறுபக்கம் இருந்தது. எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது, அவள் ஊன்றியது வலது கையை, மெழுகியது இடது கையால். காலையில் என் கை ஒரு பக்கம் போக, வரி மறுபக்கம் இழுத்தது ஏன் என்றும் விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், இவ பீச்சாங்கைக்காரி!" என்று கத்தினேன். கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கத்தின பிறகுதான் பயந்து நிமிர்ந்தேன். அத்தனை பேர் நின்றார்கள், ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.